லேபிள்காரரின் கை

மருந்துக்கடைக்காரர் உள்ளே போய் ரத்த அழுத்த மாத்திரையை எடுத்து வருவதற்குள், கல்லாவுக்குப் பக்கத்தில் தாறுமாறாகக் கிடந்த ஒன்பது இருமல் மருந்து பாட்டில்களும் முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. யார் திருப்பியது என்று கேட்டால், மாத்திரை வாங்க வந்து நிற்கிற லேபிள்காரருக்கே தெரியாது. கண் தெருவில் போகிற பேருந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், வாய் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும், கை மட்டும் தன் பாட்டுக்கு வேலையைப் பார்க்கும். "அண்ணே, இதுக்கெல்லாம் சம்பளம் கேட்டுராதீங்க" என்று மருந்துக்கடைக்காரர் சிரிக்கும்போதுதான் குனிந்து தன் கையைப் பார்ப்பார். "அட, மறுபடியும் போயிருச்சா" என்பார், கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடிய கன்றுக்குட்டியைச் சொல்வது போல.

ஆளுக்கு ஐம்பத்தேழு வயது. சிவப்பு லேபிள் ஒட்டிய அமெரிக்கக் குளிர்பானம் ஒன்று இருக்கிறதே, அந்தக் கம்பெனியில் இருபத்தொன்பது வருடமாக வேலை. தயாரிப்பதும் இல்லை, விற்பதும் இல்லை. கடை கடையாகப் போய்க் கம்பெனி பாட்டில்களைத் தட்டில் அடுக்கி வைப்பது, அவ்வளவுதான். அடையாள அட்டையில் இதற்கு இரண்டு வரி நீளத்துக்கு ஒரு பதவிப் பெயர் அச்சடித்திருக்கிறார்கள். அதையெல்லாம் சொல்லிக் கூப்பிட யாருக்கு நேரம் இருக்கிறது? கடைக்காரர்கள் 'லேபிள்காரர்' என்று வைத்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது. இப்போது அவரே போனை எடுத்தால், "லேபிள்காரர் பேசறேன்" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி. முழங்காலுக்கு அடியில் போட்டுக்கொள்ள, மடித்த அட்டைத் துண்டு ஒன்று. பாட்டிலின் கழுத்தைத் துடைக்காமல் தட்டில் வைக்கமாட்டார். ஒரு பாட்டிலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைகிற இடம் விடுவார், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இதெல்லாம் கம்பெனி சொல்லிக் கொடுத்தது. மூடிமேல் இருக்கிற எழுத்தும் வாங்குபவரைப் பார்த்து நிற்க வேண்டும் என்பது மட்டும் அவராகச் சேர்த்துக்கொண்டது. மூடியை யாருங்க பார்க்கப் போறாங்க என்று ஒரு கடைக்காரர் கேட்டதற்கு, "உயரமா இருக்கறவன் பாப்பான்ல?" என்று திருப்பிக் கேட்டாராம். அந்தக் கடைக்காரர் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

முன்வரிசையில் ஓட்டை விழுந்தால் அவருக்குப் பொறுக்காது. யாராவது ஒரு பாட்டிலை எடுத்துவிட்டால், அவர்கள் நாலடி நடப்பதற்குள் பின்னால் இருப்பதை இழுத்து அந்த இடத்தை அடைத்துவிடுவார். "பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கக் கூடாதுங்க" என்பார். பழசு முன்னால், புதுசு பின்னால் என்பது இன்னொரு சட்டம். எந்தக் காகிதத்திலும் எழுதாத சட்டமும் ஒன்று உண்டு. அடுத்த கம்பெனிக்காரனின் பாட்டில் நல்ல இடத்தில் நின்றால், அதை அலுங்காமல் குலுங்காமல் பின்னுக்கோ கீழுக்கோ தள்ளிவிட வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் இதைச் செய்வார்கள், எல்லோரும் இல்லையென்று சத்தியம் பண்ணுவார்கள். நம் ஆள் இதில் மன்னன். பேசிக்கொண்டே, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு தட்டு முழுவதையும் இடம் மாற்றிவிடுவார்.

அவர் வீட்டைப் பார்க்க வேண்டும். மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை. உப்பு, சர்க்கரை, தேயிலைத் தூள் எல்லாம் உங்களைப் பார்த்தபடி வரிசை கட்டி நிற்கும். துவைத்த சட்டை கொடியிலிருந்து வந்ததும் அடுக்கின் அடியில் போகும், மேலே இருப்பதைத்தான் உடுத்துவார். டம்ளர் இரண்டு வைத்திருக்கிறார். ஒருவர்தானே, ஒன்று போதாதா என்று கேட்டால், "ஒண்ணையே எடுத்தா மத்தது சும்மா நிக்குமே, பாவம்" என்கிறார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று முறை வைத்துக் குடிக்கிறார். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. குளியலறைத் தட்டில் அவளுடைய தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் பாட்டில், பாதி எண்ணெயோடு, லேபிள் முன்னால் தெரிய நிற்கிறது. அந்த வீட்டிலேயே இடம் மாறாத பொருள் அது ஒன்றுதான். வாரத்துக்கு ஒருமுறை தூசி மட்டும் துடைத்துவிடுவார்.

அந்தம்மா இருந்தவரை வீட்டில் கேலிக்குப் பஞ்சமில்லை. "உங்கப்பாவுக்கு நான் பழைய ஸ்டாக்குடி, அதான் என்னை முன்னாடி தள்ளிவிட்டுட்டு அவர் பின்னாடி வர்றாரு" என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பாள். ஒரே மகள். பள்ளி விடுமுறையில் அவளை ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்துக் கடைகளுக்குக் கூட்டிப்போவார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்பா செய்வதைப் பார்த்து அவளே ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தாள். முன்வரிசையில் ஓட்டை தெரிந்தால் ஓடிப்போய்க் கையை உள்ளே விட்டு, பின்னால் இருக்கிற பாட்டிலை இழுத்து வைத்து, முகத்தைத் திருப்பிவிட்டு, "அப்பா, பல்லு கட்டியாச்சு!" என்று கடையே கேட்கக் கத்துவாள். கடைக்காரர்கள் வேண்டுமென்றே ஒரு பாட்டிலை எடுத்து ஒளித்து வைப்பார்கள், அவள் கத்துவதைக் கேட்பதற்காக.

சொந்தக்காரர் வீட்டில் எந்த விசேஷமானாலும் அப்போதெல்லாம் லேபிள்காரர் இல்லாமல் நடக்காது. ஸ்கூட்டரின் பின்னால் இரண்டு பெட்டி சிவப்பு பாட்டிலைக் கட்டிக்கொண்டு வருவார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும், "பாட்டில் மாமா வந்தாச்சு" என்று ஒரு கூட்டம் ஓடிவரும். அவர் பேச்சில் கெட்டிக்காரர் இல்லை. பாட்டும் வராது, சீட்டாட்டமும் தெரியாது. பெட்டியைப் பிரித்து ஆளுக்கொரு பாட்டிலாகக் கையில் கொடுக்கும்போது நாலு பேரிடம் நாலு வார்த்தை பேசிவிடுவார். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது அந்தப் பாட்டிலை யாரும் வாங்குவதில்லை.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் தொடங்கியது இது. எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கம்பெனிக்கு எதற்குக் கொட்டிக் கொடுக்க வேண்டும், இங்கேயே நம் ஆட்கள் செய்கிற சோடா இருக்கும்போது என்று முதலில் கல்லூரியில் படிக்கிற நாலு பேர் கேட்டார்கள். அப்புறம் அலுவலக உணவகங்களில் கேட்டார்கள். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டு வாங்கத் தொடங்கிவிட்டார்கள். முப்பது வருடமாக ஒரு மூலையில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த உள்ளூர்க் கம்பெனியின் எலுமிச்சைச் சோடாவுக்குத் திடீரென்று ராஜயோகம். பச்சை லேபிளில் விரித்த குடை ஒன்று இருக்கும், அச்சு கொஞ்சம் கலங்கியிருக்கும். 'குடை சோடா' என்றால் இப்போது குழந்தைக்கும் தெரிகிறது.

லேபிள்காரர் தட்டுக்குக் கீழே மண்டியிட்டு அடுக்கிக்கொண்டிருப்பார். தலைக்கு மேலே ஒரு கை சிவப்பு பாட்டிலை எடுக்கும். உடனே கூட வந்தவரின் குரல், "ஐயே, அது வேணாம், குடையை எடு." பாட்டில் திரும்பி வந்து உட்காரும், அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு. அவர் எழுந்து அதை நேராக்குவார். சில பேர் அவரையே கேட்பார்கள், சிவப்புச் சட்டையில் கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில் இருப்பதைக்கூடப் பார்க்காமல், "அண்ணே, குடை சோடா எங்க இருக்கு?" என்று. "மேல் தட்டு, இடது கை ஓரம்" என்று துல்லியமாகச் சொல்லிவிடுவார். கடையில் எது எங்கே என்று கேட்டால் பொய் சொல்ல அவருக்கு வராது.

குடை கம்பெனிக்கு இப்படி ஓர் ஆள் கிடையாது. மூன்று சக்கர வண்டியில் வருகிறவன் பெட்டியைப் பிரித்துப் பாட்டில்களை மேல் தட்டில் கொட்டாத குறையாகத் திணித்துவிட்டுப் போய்விடுவான். ஒன்று சுவரைப் பார்க்கும், ஒன்று பக்கத்துப் பாட்டிலின்மேல் சாய்ந்திருக்கும், ஒன்று படுத்தே இருக்கும். அப்படியும் விற்கிறது! இதுதான் லேபிள்காரர் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டுகிறது. "மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பி வச்சாலும் ஜனங்க தேடி எடுக்கறாங்க. அப்போ நான் இத்தனை வருஷமா என்னத்தைக் கிழிச்சேன்?" என்று ஒருநாள் மருந்துக்கடைக்காரரிடம் கேட்டார். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்கவில்லை, மாத்திரையை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

மகள் இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை. குடை சோடாவுக்கு மாறியவர்களில் அவளும் ஒருத்தி, சும்மா மாறியவள் இல்லை, நாலு பேரை மாற்றியவள். ஆசிரியர்கள் அறையில் பேசி, குடியிருப்பில் பேசி, பக்கத்து வீட்டுக்காரியின் குளிர்பெட்டியைக்கூட மாற்றிவிட்டாள். அப்பாவிடம் மட்டும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டாள். அவரும் கேட்கமாட்டார். ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் நடந்துகொண்டிருந்தார்கள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவளும் கணவனும் புது வீட்டுக்குக் குடிபோனார்கள். விருந்துக்கு முதல் நாள் போன் செய்தாள். "அப்பா, நாளைக்கு வெறுங்கையோட வாங்க. தயவுசெஞ்சு அந்தப் பெட்டி மட்டும் வேணாம்பா. என் ஃபிரண்ட்ஸ் எல்லாம் வர்றாங்க." அவருக்குச் சுருக்கென்றது, இருந்தாலும், "சரிம்மா" என்றார். ஆப்பிளும் திராட்சையும் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போனார். பெட்டி இல்லாமல் ஒரு விசேஷ வீட்டுக்குள் நுழைவது அதுதான் முதல் தடவை. உள்ளே போனால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். யாரோ, "சார் என்ன பண்றீங்க?" என்று கேட்டார்கள். கம்பெனி பெயரைச் சொன்னதும், "ஓ" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அப்போது ஒரு பெரியவர் தண்ணீர் கேட்டார். அப்பாடா, ஒரு வேலை கிடைத்தது என்று லேபிள்காரர் எழுந்து சமையலறைக்குப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்தார். கண்ணுக்கு நேர் தட்டில் குடை சோடா பத்துப் பன்னிரண்டு பாட்டில். கீழே காய்கறிக்குப் பின்னால், விஷயம் தெரியாத விருந்தாளி யாரோ வாங்கிவந்த சிவப்பு பாட்டில் நாலு. அவர் தண்ணீரைத் தேடினார். தேடும்போது மாப்பிள்ளை பின்னாலிருந்து ஏதோ கேட்க, அதற்குப் பதில் சொன்னார். தண்ணீரை எடுத்துக்கொண்டு மூடிவிட்டு வந்தார். அவருக்குத் தெரிந்து நடந்தது அவ்வளவுதான்.

அரை மணி கழித்து மகள் தோழிகளைக் கூட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்து, "எங்க வீட்ல இதைத் தவிர வேற எதுவும் கிடையாது" என்று பெருமையாகக் கதவைத் திறந்தாள். கண்ணுக்கு நேரே நாலு சிவப்பு பாட்டில், சுண்டுவிரல் இடைவெளியில், மூடி எழுத்துகூட அவளைப் பார்த்தபடி. குடை சோடா பூராவும் கீழே, முட்டைக்கோசுக்குப் பின்னால். தோழி ஒருத்தி கொல்லென்று சிரித்தாள். "உங்கப்பாவா? கம்பெனி விசுவாசம்னா இதுதான்!" கூட்டமே சிரித்தது.

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. கூடத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் கேட்டாள். "ஒரு நாள், ஒரே ஒரு நாள், உங்களால எனக்கு அப்பாவா மட்டும் வர முடியாதா?"

"நான் வேணும்னு பண்ணலம்மா, கை தானா போயிருச்சு" என்று சொல்லியிருந்தால் போதும். அது உண்மையும்கூட. இருமல் மருந்து பாட்டிலைத் திருப்புகிற கையைப் பார்த்த நமக்கு அது தெரியும். ஆனால் இருபது பேர் சிரித்துக்கொண்டு நிற்கிற கூடத்தில் அந்த வார்த்தை வருமா? வந்தது வேறு. "அந்தப் பாட்டில்தான்டி உன்னைப் படிக்க வச்சுது" என்றார், ஊருக்கே கேட்கிற மாதிரி. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு சாப்பிடாமல் வந்துவிட்டார். பஸ் நிறுத்தம் வரை மாப்பிள்ளை பின்னாலேயே வந்து கெஞ்சிப் பார்த்தான். ம்ஹூம்.

எட்டு மாதம். ஞாயிறு தவறாமல் மாப்பிள்ளை போன் செய்கிறான். "மாமா, நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?" பின்னால் சமையலறைக் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்கும். 'மாமா' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அந்தச் சத்தம் நின்றுவிடும். பேச்சு முடியும்வரை நின்றேதான் இருக்கும். லேபிள்காரர் அந்தச் சத்தமில்லாத இடத்துக்குக் கேட்கட்டும் என்று, "எனக்கென்ன குறை, ஜம்முனு இருக்கேன்" என்பார், இருக்கிற குரலையெல்லாம் கூட்டி. போனை வைத்ததும் கொஞ்ச நேரம் டம்ளர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வலிக்கிறது என்று யாரிடம் சொல்வது? சொல்லக்கூடிய ஒருத்தி எண்ணெய் பாட்டிலை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவருக்கு என்று வாரத்தில் இருப்பது சனிக்கிழமை காலை மட்டும்தான். அன்றைக்கு அவர் முறை ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட். பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்பின்னாக மகள் அங்கே வருவாள். அவள் புது வீட்டுக்கு எதிரிலேயே ஒரு கடை இருக்கிறது. அதைவிட்டு இரண்டு பஸ் மாறி இங்கே எதற்கு வருகிறாள் என்று நமக்குத் தோன்றுகிறது. அவருக்குத் தோன்றவில்லை. தோன்றினாலும், யோசித்துப் பார்த்து அது இல்லையென்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அவள் தலை வாசலில் தெரிந்ததும் அடுத்த சந்துக்கு நழுவி, பிஸ்கட் தட்டுக்குப் பின்னால் நின்றுகொள்வார். பிஸ்கட் பாக்கெட்டுகளுக்கு நடுவில் ஓர் இடுக்கு வைத்திருக்கிறார். அது வழியாகப் பார்ப்பார். கை சும்மா இருக்குமா? அந்தக் கடையில் பிஸ்கட் தட்டு மாதிரி ஒழுங்கான தட்டு வேறு கிடையாது. "லேபிள் அண்ணே, பிஸ்கட் கம்பெனியிலும் சேர்ந்துட்டீங்களா?" என்று கல்லாவில் இருக்கிற பெண் கிண்டல் செய்வாள்.

மகள் அம்மா மாதிரி குள்ளம். குடை சோடா இருப்பதோ மேல் தட்டில். குதிகாலைத் தூக்கி, விரல் நுனியால் துழாவி, சாய்ந்து கிடக்கிற பாட்டில் ஒன்றை எப்படியோ தட்டி இழுத்து எடுப்பாள். மூன்று வாரத்துக்கு முன்னால் எல்லாம் பின்னால் தள்ளிக் கிடந்தன. எட்டவில்லை. இரண்டு தடவை எம்பிப் பார்த்தாள், சுற்றும் முற்றும் ஆள் தேடினாள், பேசாமல் போய்விட்டாள். பத்தடி தூரத்தில் அவளைப் பெற்றவர் நிற்கிறார். போய் எடுத்துக் கொடுக்கக் கால் வரவில்லை. அன்றைக்கு அடுத்துப் போன ஒரு கடையில் சிவப்பு பாட்டில்களை மூன்று முறை கலைத்துக் கலைத்து அடுக்கினார்.

போன வியாழக்கிழமை சூப்பர்வைசர் தம்பி போன் செய்தான். பையன் வயது, ஆனால் மரியாதை தெரிந்தவன். "அண்ணே, விற்பனை ரொம்ப அடி வாங்கிருச்சு. ரூட்டையெல்லாம் சேர்த்துப் பாதியாக்குறாங்க. அந்தப் பெரிய கடைக்கு இனிமே நீங்க போக வேண்டாம். இந்தச் சனிக்கிழமையோட சரி." லேபிள்காரர், "சரி தம்பி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வேற கிழமையிலயாவது..." என்று இழுத்தார். "அந்தக் கடையே நம்ம லிஸ்ட்ல இல்லண்ணே." வேலை குறைந்ததற்கு அவர் வருந்தவில்லை. இனிமேல் மகளின் முகத்தை எங்கே போய்ப் பார்ப்பது?

அந்தச் சனிக்கிழமை ஒன்பதரைக்கே கடைக்கு வந்துவிட்டார். சலவை செய்த சிவப்புச் சட்டை. வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். "கை தானா போயிருச்சும்மா." நேரில் போய் நின்று இதைச் சொல்லிவிடுவது என்று முடிவு. பாட்டில்களைத் துடைத்தார், அடுக்கினார், மூடிகளைத் திருப்பினார். மணி பத்தரை ஆனதும் நாக்கு உலர்ந்துவிட்டது. ஐம்பத்தேழு வயது மனிதர், பெற்ற மகளிடம் பேசப் பயந்து, தண்ணீர்க் குழாய்க்கும் தட்டுக்குமாக நாலு தடவை நடந்தார். சொல்ல முடியாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

தட்டுக்கு முன்னால் வந்து நின்றார். நிமிர்ந்து மேலே பார்த்தார். எட்டி ஒரு குடை சோடாவை எடுத்தார். இருபத்தொன்பது வருடத்தில் அடுத்தவன் பாட்டிலை அவர் கீழே இறக்கியிருக்கிறார், பின்னால் தள்ளியிருக்கிறார். இன்றைக்கு மஞ்சள் துணியை எடுத்து அதன் கழுத்தைத் துடைத்தார், தோளில் படிந்த தூசியைத் துடைத்தார். கலங்கிய அச்சைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். குடையின் கம்பிகள் எட்டு. "பரவால்ல, நல்லாத்தான் போட்டிருக்கான்" என்றார் தனக்குள்.

எங்கே வைப்பது? கண்ணுக்கு நேர்த் தட்டு என்று கம்பெனி அளந்து வைத்திருப்பது சராசரி ஆளுக்கு. இவளுக்கு அதற்கும் ஒரு தட்டு கீழே. அங்கேயும் சிவப்பு பாட்டில்தான் வரிசையாக நிற்கிறது. அந்த இடம் கம்பெனி எழுதி வாங்கிய இடம், வேறு பாட்டில் அதில் நிற்கவே கூடாது. நட்டநடுவில் முன்வரிசைச் சிவப்பு பாட்டில் ஒன்றை வெளியே எடுத்துக் கீழே வைத்தார். அந்த இடத்தில் குடையை நிறுத்தினார். சுண்டுவிரலை விட்டு இரண்டு பக்கமும் அளந்தார். லேபிளைத் திருப்பினார். மூடி எழுத்தையும் திருப்பினார். இந்தத் தடவை கை தானாகப் போகவில்லை, அவர்தான் அதைக் கொண்டுபோனார்.

போன் அடித்தது. "அண்ணே, தட்டு போட்டோ இன்னும் வரலையே? பதினொண்ணுக்குள்ள மேல அனுப்பணும்." வேலை முடிந்ததும் தட்டைப் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்பது தினசரி நியமம். அவர் ஒருநாளும் தவறியதில்லை. சிவப்பு வரிசைக்கு நடுவே பச்சையாக ஒன்று நின்றால் படத்தில் பளிச்சென்று தெரியும். "அனுப்பறேன் தம்பி, கொஞ்சம் பொறுங்க" என்றார். வாசலில் அவள் தலை தெரிந்தது. போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு பிஸ்கட் தட்டுக்குப் பின்னால் போனார்.

அவள் கூடையுடன் வந்தாள். வழக்கம்போல நேரே மேல் தட்டைப் பார்த்தாள். குதிகாலைத் தூக்கினாள். பாதி எம்பியவள் அப்படியே நின்றாள். குதிகால் மெல்லக் கீழே இறங்கியது. கண்ணுக்கு நேரே அந்தப் பச்சைக் குடை, கழுத்துப் பளபளக்க, அவளையே பார்த்துக்கொண்டு நின்றது.

அவள் உடனே அதைத் தொடவில்லை. ஒரு விரலை நீட்டி, பாட்டிலுக்கும் பக்கத்துப் பாட்டிலுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் நுழைத்துப் பார்த்தாள். சுண்டுவிரல். அப்புறம் தலையைக் குனிந்து மூடியைப் பார்த்தாள். திரும்பிச் சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். லேபிள்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் குனிந்தார். அவர் சட்டைப் பையிலிருந்த மஞ்சள் துணி கீழே விழுந்தது, அதை எடுக்கக்கூட அவர் அசையவில்லை.

பாட்டிலை எடுத்துக் கூடையில் வைத்துக்கொண்டாள். கல்லாவைப் பார்த்து நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று அடி. போய்விட்டாள் என்று அவருக்குக் கண்ணை இருட்டியது. முன்வரிசையில், நட்டநடுவில், ஓட்டை. பல்லு விழுந்த வாய். அதை அடைக்க வேண்டும் என்று கை துடித்தது. பிஸ்கட் தட்டின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அவள் நின்றாள். திரும்பி வந்தாள். கூடையைத் தரையில் வைத்தாள். வீட்டுக்குள்கூட வரக் கூடாது என்று சொன்ன அந்தச் சிவப்பு பாட்டிலை, ஓட்டைக்குள் கையை விட்டுப் பின்வரிசையிலிருந்து மெதுவாக முன்னால் இழுத்தாள். இரண்டு பக்கமும் விரல் விட்டு அளந்தாள். பிறகு, மூடியைப் பிடித்து, லேபிள் நேராகத் தெரியும்வரை திருப்பி வைத்தாள்.